முன்னோட்டப் பதிப்பில் ஒரு விவாகரத்து

"இத்தனை நாளா இருந்த மாதிரியே இருந்தா அதுக்கு என்ன கேடுன்னு கேக்கறேன்!"

"கேடு இல்லம்மா, மேம்பாடு. அதான் நான் சொல்ல வர்றது, நீ கொஞ்சம் மூச்சு விட்டாத்தானே..."

"யாரைக் கேட்டு மேம்படுத்தினீங்க?"

"நான் எங்க மேம்படுத்தினேன்? அவங்க அனுப்பறாங்க, அது தானா வந்து..."

"தானா வருமாமே! கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்து உள்ள உக்கார வச்சது யாரு? ஊர்ல எத்தனை வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கு, அங்கெல்லாம் போகாம இங்க மட்டும் ஏன் வருது?"

"அவங்களுக்கெல்லாம் வர்றதுக்கு இன்னும் நாளாகும். நமக்கு எல்லாருக்கும் முன்னாடியே வந்திருக்கு. அதோட அருமை தெரியாம நீ..."

"அருமையைக் கொண்டு போய் அடுப்புல போடுங்க. என் பொழப்பு போகுது!"

ஜன்னலுக்கு வெளியே, படிக்கட்டின் மேலிருந்து மூன்றாவதாக ஒரு குரல் வந்தது.

"கீழ என்ன சத்தம்? வேலையா, நெஜமா?"

"நெஜம்தான்க்கா!" என்று மனைவி கத்தினாள்.

"அப்ப சரி," என்றது குரல். நின்றிருந்த தையல் இயந்திரம் மாடியில் மறுபடி ஓடத் தொடங்கியது.

மாடித் தையல்காரி இப்படிக் கேட்பதற்குக் காரணம் இருந்தது. கீழ்வீட்டு மனைவிக்கு வேலையே சண்டை போடுவதுதான். பிரிந்துபோக வேண்டும் என்று வருகிற கணவன் மனைவியரைச் சமரச மையத்தில் மத்தியஸ்தர் அம்மாள் தன் முன்னால் உட்கார வைத்துப் பேசச் சொல்வார். அந்தப் பேச்சு முழுவதும் பதிவாகும். பதிவானதைச் சொல்லுக்குச் சொல் எழுத்தில் கொண்டுவந்து, இரண்டு தரப்பும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது மையத்தின் விதி. எழுத்தில் கொண்டுவருகிறவள் இவள்.

கட்டைவிரல் மூட்டு தேய்ந்துபோன பிறகு, தட்டச்சு செய்வதை விட்டுவிட்டாள். ஒலிப்பதிவைக் கம்ப்யூட்டரிடம் நேராகக் கொடுத்தால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்துகிற இடத்தில் அது திக்குமுக்காடிப்போகும். ஆனால் ஒரே ஒரு குரலை அதற்குப் பழக்கிவிட்டால் பிசகாமல் எழுதும். ஆகவே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேட்கிற ஒவ்வொரு சொல்லையும் அவளே மைக்கில் திருப்பிச் சொல்வாள். கணவன் பேசினால் கணவனாக, மனைவி அழுதால் மனைவியாக. கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்வாள். திறந்திருந்தால் யார் பேசுகிறார்கள் என்பது குழம்பிவிடும். இந்த வேலையை அவள் தொடங்கிய புதிதில், "இனிமே உன் மூஞ்சியில முழிக்கவே மாட்டேன், நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்ற குரலைக் கேட்டு, தையல்காரி துணி வெட்டுகிற கத்திரிக்கோலோடு படியிறங்கி ஓடி வந்தாள். வந்து பார்த்தால் கணவர் கூடத்தில் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அன்று தொடங்கியதுதான் "வேலையா, நெஜமா?"

இன்றைய சண்டை நிஜம். காலை டீ ஆறுவதற்குள் மத்தியஸ்தர் அம்மாளிடமிருந்து போன் வந்திருந்தது.

"பதிவு ரொம்ப அழகா இருந்துச்சும்மா," என்று அவர் ஆரம்பித்ததுமே இவள் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். அந்த அம்மாள் எதையும் அழகு என்று சொல்லி இவள் கேட்டதில்லை.

"தப்பு ஏதாவது இருக்கா மேடம்?"

"தப்பே இல்ல. அதான் தப்பு. அந்த பஸ் டிரைவரும் அவர் சம்சாரமும் என்ன பேச்சு பேசினாங்கன்னு நான் எதிர்ல உக்காந்து கேட்டேன். உங்க பேப்பர்ல ரெண்டு பேரும் ரேடியோவுல செய்தி வாசிக்கற மாதிரி பேசறாங்க. நானும் சரி, நல்லபடியா முடிஞ்சுதுன்னு நேத்து அவங்ககிட்ட குடுத்து, பேனாவையும் எடுத்து நீட்டிட்டேன். அந்தப் பொண்ணு கடைசிப் பக்கத்தைப் படிச்சுட்டு பேப்பரை என்கிட்டயே தள்ளிட்டா. ‘இவர் நீ போன்னு மட்டும் சொல்லலை. அப்புறம் என்னமோ சொல்ல வந்தாரு. அது எங்கே?’ங்கறா."

"டிரைவர் என்ன சொல்றாரு மேடம்?"

"அவரா? ‘நான் என்ன சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும்’கறார். சாயங்காலம் ரெண்டு பேரையும் மறுபடி வரச் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள சொன்னது சொன்னபடி எனக்கு வேணும்மா. ஒரு குடும்பம் நிக்கறதும் போறதும் இதுல இருக்கு. உங்களால முடியலேன்னா சொல்லிடுங்க, வருத்தப்பட மாட்டேன். வேற ஆளைப் பாத்துக்கறேன்."

வருத்தப்பட மாட்டேன் என்று சொல்கிறவர்கள் எவ்வளவு உறுதியானவர்கள் என்பது இவளுக்குத் தெரியும். போனை வைத்துவிட்டு உள்ளறைக்கு ஓடினாள். அது சமையலறையை ஒட்டிய சின்ன அறை. எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுவதும் பழைய பஞ்சுப் போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தாள். தான் அனுப்பிய பக்கங்களைத் திரையில் திறந்து, ஒலிப்பதிவையும் ஓடவிட்டு, கண்ணைத் திறந்துகொண்டு முதல் தடவையாக ஒத்துப் பார்த்தாள்.

ஒலிப்பதிவில் டிரைவரின் மனைவி சொன்னது: "அந்த... அந்த தகரடப்பா பஸ்ஸையே கட்டிக்கிட்டு அழ வேண்டியதுதானே, என்னை எதுக்கு... எதுக்குங்கறேன், சொல்லித் தொலைங்களேன்!"

திரையில் இருந்தது: "பஸ்ஸைக் கட்டிக்கொள்ளுங்கள். என்னை எதற்கு என்று சொல்லுங்கள்."

டிரைவர் சொன்னது: "ஆமாம்டி, நான் பஸ்ஸு, நீ பெரிய... பெரிய ஏரோப்ளேனு. ச்சே. விடு. விடுங்கறேன்ல."

திரையில்: "ஆமாம், நான் பஸ். நீ பெரிய ஏரோப்ளேன்."

கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். காதில் டிரைவரின் குரல் தடுமாறியது. "போ... நீ போனா... வீட்டுல..." அப்புறம் ஒன்றுமில்லை. திரையில் இரண்டே சொல் இருந்தது. "நீ போ." பக்கத்தில் அழகான முற்றுப்புள்ளி.

இதைப் பார்த்துவிட்டு அவள் கூடத்துக்கு வந்து, "கம்ப்யூட்டருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டபோது, வார விடுமுறையில் வீட்டிலிருந்த கணவர் முகமெல்லாம் மலர, "வந்துடுச்சா? உனக்கு வந்துடுச்சா?" என்றார். சண்டை அங்கே தொடங்கியது.

கணவருக்கு மின் மீட்டர் செய்கிற ஆலையில் தரப் பரிசோதகர் வேலை. நாள் முழுவதும் மீட்டர்களைச் சோதித்து, சரியில்லாததைத் தனியே எடுத்து வைப்பார். அவர் எடுத்து வைத்ததை மேலாளர் மாலையில் எடுத்து, தன் கையெழுத்தில் வெளியே அனுப்பிவிடுவார். சோதித்துப் பழகிய கை சும்மா இருக்காது. வீட்டில் குழம்பையும், கதவுத் தாழ்ப்பாளையும், அடுத்த வீட்டுக்காரர் வண்டி நிறுத்துகிற விதத்தையும் சோதித்துக் குறை சொல்லிப் பார்த்தார். ஒருவரும் பொருட்படுத்தவில்லை. அப்போதுதான் கம்ப்யூட்டரின் முன்னோட்டத் திட்டம் அவர் கண்ணில் பட்டது. எல்லாருக்கும் அனுப்புவதற்கு முன்னால், விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் புதிய பதிப்பை அனுப்புவார்கள். குறை இருந்தால் எழுதச் சொல்லிக் கேட்பார்கள். கேட்பார்கள்! அவர் அன்றைக்கே சேர்ந்துவிட்டார். வீட்டில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதில்தான் மனைவியின் பிழைப்பும் இருந்தது என்பதை அவர் ஒரு தடையாக நினைக்கவில்லை.

"சரி, கத்தினது போதும்," என்று இப்போது மனைவியே இறங்கி வந்தாள். "இந்தத் திருத்தற வேலையை நிறுத்தறதுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும்ல? அதைக் காட்டுங்க."

"இருக்கும். ஒவ்வொண்ணா பாப்போம். முதல்ல இந்த மெனுவைப் பாரேன். முன்ன குட்டியா இருந்துச்சா? இப்ப திரையில பாதி வருது."

"எனக்கு மெனு வேணாம்."

"கடிகாரத்துல விநாடியும் வருது பாரு."

"எனக்கு இருக்கறதே சாயங்காலம் வரைக்கும்தான். விநாடி விநாடியா வேற அதைக் காட்டணுமா?"

"கோப்பைப் புடிச்சு மேல இழுத்தா ஒரு தட்டு இறங்கி வரும், யாருக்கு அனுப்பணுமோ அவங்களுக்கு... இரு, இரு, காட்டறேன்."

"அதை இழுத்து டிரைவர் வீட்டுக்கே அனுப்பிடாதீங்க. சுவிட்ச்!"

"முன்னெல்லாம் கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சுன்னா திரை நீலமா வரும். இப்ப கறுப்பா வரும். பாக்கவே ஒரு கௌரவமா இருக்கும்."

மனைவி அவர் கையிலிருந்த மவுசைப் பிடுங்கினாள். அமைப்புகள் பகுதியில் புதிதாக ஓர் உதவியாளர் முளைத்திருந்தது. என்ன வேண்டும் என்று சாதாரணப் பேச்சிலேயே கேட்கலாம் என்று எழுதியிருந்தது. அவள் மைக்கை இழுத்து, "நான் சொல்றதை அப்படியே எழுது," என்றாள்.

உதவியாளர் சற்று யோசித்தது. பிறகு திரையின் வெளிச்சத்தைக் கூட்டியது.

"நான் சொல்றதைத் திருத்தாதே!"

வெளிச்சத்தைக் குறைத்தது.

"இன்னும் கத்துக்கிட்டு இருக்கு," என்றார் கணவர், உறவுக்காரப் பிள்ளைக்குப் பரிந்து பேசுகிறவர் போல. அவரே உள்ளே உள்ளே போய், பேச்சு உள்ளீடு என்ற பக்கத்தைக் கண்டுபிடித்தார். ‘பேச்சைச் சீராக்குதல்’ என்ற தலைப்பு இருந்தது. பக்கத்தில் சுவிட்ச் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அவர் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார். படித்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

"என்ன போட்டிருக்கு?"

"சீராக்கற வசதி எல்லாருக்கும் வந்துடுச்சாம். அதை நிறுத்தற சுவிட்ச் மட்டும் இப்போதைக்குச் சில பேருக்குத்தானாம். படிப்படியா மத்தவங்களுக்கும் வருமாம்."

"நம்ம அந்தச் சில பேர்ல இல்லையா? எல்லாருக்கும் முன்னாடி வந்தவங்களாச்சே நாம?"

"அது... அதுக்குள்ளயும் ஒரு பிரிவு இருக்கு."

"சரி, இந்த முன்னோட்டமே வேணாம். வெளிய வந்துடுவோம். எல்லாரும் வச்சிருக்கற பழைய பதிப்பே போதும்."

"வெளிய வர்றதுன்னா மொத்தமா துடைச்சுட்டுத்தான் வரணும். உன் வேலையெல்லாம் தனியா எடுத்து வச்சுக்கலாம், அது ஒண்ணும் போகாது. ஆனா மத்தது... என்னோட இடம், நான் எழுதினது, அவங்க பதில் போட்டது, அதெல்லாம்..." அவர் முடிக்கவில்லை. "அதோட அது முடியறதுக்கே சாயங்காலம் ஆயிடும்."

கடைசியாகச் சொன்னது நியாயம். சாயங்காலத்துக்குள் பதிவு போயாக வேண்டும்.

"சேர்றதுக்கு ஒரு பொத்தான், வெளிய வர்றதுன்னா வீட்டையே காலி பண்ணணும். இதைக் கண்டுபுடிச்சவன் சமரச மையத்துல வேலை பாத்திருப்பான் போல," என்றாள் மனைவி. "பேச்சைச் சீராக்கணுமாம், பேச்சை! எந்தப் புண்ணியவான் போய்க் கேட்டானோ, அவன் பொண்டாட்டி அவன்கிட்ட ஒரு வாரம் பேசாம இருக்கணும்."

கணவர் ஜன்னல் வழியாகப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு விரல் நல்லாத்தானே இருக்கு?" என்று அவள் திடீரென்று கேட்டாள்.

"எதுக்கு?"

"உக்காருங்க. நான் சொல்லச் சொல்ல நீங்க தட்டுங்க."

அப்படித்தான் அந்தப் பகல் கழிந்தது. கணவர் இரண்டு ஆள்காட்டி விரல்களால் தட்டினார். மனைவி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல் கண்ணை மூடி, ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். கம்ப்யூட்டர் செய்ய மறுத்த வேலைக்கு வந்த மனிதரும் லேசுப்பட்டவர் இல்லை.

"‘எத்தனை தடவை... இந்தா பாரு, எத்தனை தடவை...’"

"ஒரு தடவை போட்டா போதாதா? அதான் எத்தனை தடவைன்னு அவனே சொல்றானே."

"அவர் ரெண்டு தடவை சொல்றார். ரெண்டு தடவை போடுங்க."

"சரி."

"‘நான் என்ன உங்க... உங்க வீட்டு ஸ்டெப்னி டயரா?’"

"இது நல்லா இருக்கு," என்று கணவர் ரசித்தார். "டிரைவர் பொண்டாட்டிங்கறது தெரியுது."

"ரசிக்கச் சொல்லலை. ‘ஏய், ஏய், வாயை அடக்கு. மேடம் முன்னாடி... மேடம் முன்னாடி மரியாதையாப் பேசறேன்னு நெனச்சுக்காதே.’"

"இதுல என்ன அர்த்தம் இருக்கு? மரியாதையாப் பேசறானா, இல்லையா?"

"அது அவருக்கே தெரியாது. நமக்கு எதுக்கு? தட்டுங்க. ‘நான் போறேன். இனிமே எனக்கும் உங்களுக்கும் ஒண்ணுமில்ல. கேக்குதா? ஒண்ணுமே இல்ல!’"

"வேலையா, நெஜமா?" என்று மாடியிலிருந்து கேட்டது.

"வேலைதான்க்கா!"

"காலையில நெஜம்னியே?"

"அது முடிஞ்சிடுச்சு! இப்ப வேலை!"

தையல்காரிக்கு அதில் திருப்தி ஏற்படவில்லை. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி இறங்கி வந்து, ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தாள். ஒரே மேசை முன்னால் இருவரும் ஒட்டி உட்கார்ந்திருப்பதைக் கண்டு, "இப்படி உக்காந்துக்கிட்டா பிரிஞ்சு போறேன்னு கத்தறீங்க?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

கடைசிப் பக்கம் வந்தது. மனைவி கையை உயர்த்தி, மெதுவாக, என்று சைகை காட்டினாள். குரலைத் தாழ்த்தி டிரைவரின் குரலில் சொன்னாள்.

"‘போ... நீ போனா... வீட்டுல...’"

"வீட்டுல?"

"அவ்வளவுதான்."

"வீட்டுல என்ன?"

"அவ்வளவுதாங்க. நிறுத்திட்டார்."

"அதெப்படி? ஒரு ஆள் வீட்டுலன்னு ஆரம்பிச்சா, வீட்டுல என்னன்னு சொல்ல மாட்டானா? நல்லாக் கேளு."

அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். "இல்ல. அதுக்கப்புறம் ஒரு சத்தம். நாற்காலி. அவ எழுந்துட்டா. அவரும் விட்டுட்டார்."

கணவர் ‘நீ போனா வீட்டுல’ என்று தட்டினார். தட்டி முடித்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சொல் தானாக வந்து நின்றது. இதுவும் புதிய பதிப்பின் வசதிதான். பாதியில் நிற்கிற வாக்கியத்தை முடித்துக் கொடுக்கும். ‘நிம்மதி’ என்று அது முடித்திருந்தது. சம்மதம் என்றால் ஒரு விசையைத் தட்ட வேண்டும்.

"பாரேன்!" என்றார் கணவர். "‘நீ போனா வீட்டுல நிம்மதி.’ பொருத்தமாத்தான் இருக்கு."

அவருடைய விரல் விசைப்பக்கம் போவதைப் பார்த்து அவள் அந்தக் கையிலேயே ஓர் அடி வைத்தாள்.

"அறிவிருக்கா உங்களுக்கு? அந்தப் பொண்ணு இதைப் படிச்சுட்டு கையெழுத்து போட்டுட்டுப் போயிடுவா!"

"நான் எங்க தட்டினேன்? சும்மா பக்கத்துல..."

"அழிங்க. புள்ளி வைங்க."

"எத்தனை புள்ளி?"

"மூணு."

"அவ்வளவு நேரம் சும்மா இருந்தான்கறே, மூணு போதுமா?"

"மூணுதான். அடைப்புக்குறிக்குள்ள ‘நாற்காலி நகரும் சத்தம்’னு போடுங்க. அப்புறம் ‘மௌனம்’."

அவர் போட்டார். போட்டு முடித்ததும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வரி அரைகுறையாக, சோதனையில் தேறாத சரக்குப் போலக் கிடந்தது.

"அந்தப் புண்ணியவான் நான்தான்," என்றார்.

"எது?"

"சீராக்கணும்னு எழுதிப் போட்டது. ஒரு நாள் தட்டச் சோம்பல்பட்டு, அவங்களுக்குக் குறை எழுதறதை வாயாலயே சொன்னேன். எழுதினதைப் பாத்தா, ‘அது வந்து... என்னன்னா... அதாவது...’ முழுக்க இதுதான். ஒரு வாக்கியம் முடியலை. நான் ஆலையில இப்படித்தான் பேசறேனா, அதான் ஒருத்தனும் கேக்க மாட்டேங்கறானான்னு... அதான் எழுதினேன். தடுமாற்றத்தை எடுத்துட்டு எழுதுங்கன்னு." அவர் வேறொரு சாளரத்தைத் திறந்து காட்டினார். ‘உங்கள் யோசனைக்கு நன்றி. இந்தப் பதிப்பில் சேர்த்துள்ளோம்’ என்று இருந்தது. "நான் சொல்லி ஒருத்தர் ஒரு காரியம் பண்ணினது இதுதான் முதல் தடவை."

மனைவி அதைப் படித்தாள். வாழ்த்துவதா, திட்டுவதா என்று அவளுக்கு உடனே புரியவில்லை.

"கல்யாணம் ஆன நாளா நீங்க இப்படித்தான் பேசறீங்க," என்றாள்.

"நீ ஒரு நாள்கூடச் சொல்லலையே?"

"எனக்குத்தான் புரிஞ்சுதே. எதுக்குச் சொல்லணும்?"

பதிவு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. விளக்குப் போடுகிற வேளையில் மத்தியஸ்தர் அம்மாள் கூப்பிட்டார். குரல் களைத்திருந்தது.

"வந்துச்சும்மா. ரெண்டு பேரும் படிச்சாங்க."

"சரியா இருந்துச்சா மேடம்?"

"ரொம்பச் சரியா இருந்துச்சு. அதான் வினையே. அந்த மூணு புள்ளிக்கு வந்ததும் அந்தப் பொண்ணு, ‘வீட்டுல என்ன?’ன்னு கேட்டா. அவர் ‘ஒண்ணுமில்ல’ன்னார். ‘ஒண்ணுமில்லாததுக்கா மூணு புள்ளி வச்சிருக்காங்க?’ன்னா இவ. ‘நான் சொல்றதுக்குள்ள நீதானே எழுந்த, நாற்காலிச் சத்தம்கூடப் போட்டிருக்கு பாரு’ன்னு அவர் பேப்பரை நீட்டறார். ‘நான் போறதுக்கு எழுந்திருக்கலை, நாற்காலி ஆடுச்சு’ன்னு இவ. அந்த நாற்காலியை ஆட்டி ஆட்டி எனக்கு நிரூபிக்கறா. காவலாளி வந்து கதவைப் பூட்டணும்னு நிக்கற வரைக்கும் சண்டை."

"கையெழுத்து?"

"எங்கேர்ந்து? அடுத்த வாரமும் அதுக்கு அடுத்த வாரமும் நேரம் வாங்கிட்டுப் போயிருக்காங்க, பேசி முடிக்கலையாம். போறப்ப ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போனாங்க. சண்டையைப் பாதியில விட மனசில்ல போலிருக்கு. நீங்க முதல்ல அனுப்பினது எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? சட்டுனு, கௌரவமா, அழுகையில்லாம முடிஞ்சிருக்கும்." அவர் பெருமூச்சு விட்டார். "ஆனா விதி விதிதான். எனக்கு இப்படித்தான் வேணும். இன்னொரு தடவை அழகா வந்துச்சுன்னா, அதோட சரி."

"அழகா வராது மேடம். நான் பொறுப்பு."

"நாளைக்குக் காலையில புதுப் பதிவு ஒண்ணு அனுப்பறேன். இதைவிடப் பெருசு. மாமனாரும் சேர்ந்து பேசியிருக்கார்."

போனை வைத்துவிட்டு அவள் கணவரைப் பார்த்தாள். கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"நாளைக்கு உங்களுக்குக் காலை ஷிப்டு," என்றாள்.

"ஆமாம்."

"தட்டறதுக்கு நீங்க இருக்க மாட்டீங்க."

"அடுத்த முன்னோட்டத்துல அந்தச் சுவிட்ச் வந்துடும்னு நெனைக்கறேன்."

"எப்ப?"

"வரும். படிப்படியா."

"மாமனார் படிப்படியா பேசியிருக்க மாட்டாருங்க."

அவர் சிரிக்க முயன்றார், வரவில்லை. அவள் தன் வேலைக் கோப்புகளை எல்லாம் தனி வட்டில் எடுத்து வைத்தாள். அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. அதன் பிறகு அமைப்புகளுக்குள் போனாள். காலையில் தேடித் தேடி வழி இப்போது மனப்பாடமாகியிருந்தது. முன்னோட்டத் திட்டத்திலிருந்து வெளியேறுதல் என்ற பக்கத்தைத் திறந்தாள். எல்லாம் அழிக்கப்படும், திரும்பப் பெற முடியாது, தொடர்வதற்குக் கணக்கின் உரிமையாளர் சம்மதிக்க வேண்டும் என்று கேட்டது. கணக்கு கணவர் பெயரில் இருந்தது.

கணவர் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். இன்னொரு சாளரத்தில் அந்த நன்றிச் செய்தி இன்னும் திறந்தபடியே இருந்தது. அவர் அதைப் பார்த்தார். ஆலையில் மேலாளர் வருகிறபோது நிற்பதுபோல் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் என்ன சொல்ல வர்றேன்னா..." என்றார். "அது வந்து... இப்ப... நீ..."

அவள் அம்புக்குறியைப் பொத்தானின் மேல் கொண்டுபோய் நிறுத்தி வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"முழுசா வேணாங்க, பாதி சொன்னாப் போதும். அமுக்கட்டுமா, வேணாமா?"